கம்பெனி போடும் பி.எஃப்., பென்ஷன் பணம் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 27 வருடம் இருந்தேன். அதில் கடைசி 6 வருடம் ஆலையின் பி.எஃப். டிரஸ்ட்டில் தொழிலாளர் தரப்பு டிரஸ்டி. ஓய்வு பெற்றும் விட்டபாடில்லை. ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் வாங்கப் போனால்கூட யாராவது செல்போனில் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டி, "அண்ணா, இது எங்க போகுது?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

என் சீட்டுல பி.எஃப்.னு ஒரே ஒரு பிடித்தம்தான் இருக்கு. பென்ஷன்னு எதையுமே காணோமே?

உங்கள் பங்கிலிருந்து பென்ஷனுக்கு ஒரு பைசாவும் போவதில்லை, அதனால்தான் காணோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் உங்களிடம் பிடிப்பார்கள். அது முழுசாக உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகும். கம்பெனியும் 1,800 போடும், ஆனால் அதில் 1,250 ரூபாய், அதாவது சம்பளத்தில் 8.33 சதவீதம், 1995-ல் வந்த பென்ஷன் திட்டத்துக்குப் பிரிந்துவிடும், மீதி 550தான் உங்கள் பி.எஃப்.பில் சேரும். இது தவிர மத்திய அரசு சம்பளத்தில் 1.16 சதவீதத்தைப் பென்ஷன் திட்டத்துக்குப் போடுகிறது.

அப்புறம் கிராஜுவிட்டி இருக்கிறது, வேலையை விட்டுப் போகும்போது சேவை வருடத்துக்கு ஏற்பக் கம்பெனி மொத்தமாகக் கொடுக்கும் பணம். கொஞ்சம் பெரிய கம்பெனிகளில் சூப்பர்ஆனுவேஷன் என்று ஒன்றும் (கம்பெனி தனியாகப் போட்டுவரும் ஓய்வூதிய நிதி) என்.பி.எஸ். என்று ஒன்றும் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கும். ஒவ்வொன்றும் தனி உண்டியல், சாவியும் வேறு வேறு ஆளிடம். "பென்ஷன் பணத்தை எங்க போடுறாங்க" என்று கேட்டால் நான் "எந்த உண்டியல்?" என்று திருப்பிக் கேட்பது அதனால்தான், பதில் தெரியாமல் மழுப்புவதற்காக இல்லை.

நான் ஏற்காட்டுல காபி எஸ்டேட்டுல இருக்கேன், தினக்கூலி. எனக்கெல்லாம் உண்டுங்களா?

எஸ்டேட்டில் 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் உண்டு. தினக்கூலியா மாதச் சம்பளமா என்பது பிரச்சினையே இல்லை, மேஸ்திரி மூலமாக வந்தவர்களும் கணக்கில் வருவார்கள். 20-க்குக் கீழே இருக்கும் சின்ன எஸ்டேட்டுகளில் முதலாளி விரும்பினால் சேரலாம், கட்டாயம் கிடையாது. உங்கள் பெயரில் யு.ஏ.என். எண், அதாவது ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் தரும் தனி எண், இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அந்த எண் இல்லையென்றால் "பி.எஃப். பிடிக்கிறோம்" என்று அவர்கள் சொல்வது வாய்ப்பேச்சுதான்.

அப்போ எங்க முதலாளிதான் என் பணத்தை எடுத்து எங்கயோ முதலீடு பண்றாரா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. முதலாளியின் வேலை, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டுவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இ.பி.எஃப்.ஓ. என்கிற மத்திய அரசின் அமைப்புதான் முதலீடு செய்கிறது. மேலே மத்திய அறங்காவலர் குழு என்று ஒன்று இருக்கிறது, தலைவர் தொழிலாளர் துறை மத்திய அமைச்சர், அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பு ஆட்களும் உட்காருவார்கள்.

விதிவிலக்கு வாங்கிய கம்பெனிகள் கதை வேறு. "எங்கள் ஊழியர் பணத்தை நாங்களே ஒரு டிரஸ்ட் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று அனுமதி வாங்கியவை அவை. அங்கே பி.எஃப். பகுதி டிரஸ்ட்டுக்குப் போகும், ஆனால் நான் முதலில் சொன்ன 1,250 ரூபாய் பென்ஷன் பகுதி அங்கேயும் அரசிடம்தான் போக வேண்டும். உங்கள் கம்பெனி எந்த வகை என்று தெரிய ஒரு சுலப வழி: இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். டிரஸ்ட் கம்பெனி என்றால் உங்கள் பி.எஃப். இருப்பு அங்கே காட்டாது, கம்பெனி தரும் வருடாந்திரச் சீட்டில்தான் இருக்கும். இது தெரியாமல் "என் பணத்தையே காணோம்" என்று ராத்திரி 10 மணிக்கு எனக்கு போன் செய்தவர்கள் உண்டு.

ஷேர் மார்க்கெட்ல போடுறாங்களாமே, அப்படிப் போடலாமா?

போடலாம், ஓர் அளவுக்குள். அரசு 2015-ல் வகுத்து, பிறகு திருத்திய வரம்பு இதுதான். அரசுக் கடன் பத்திரங்களும் அந்த வகையைச் சேர்ந்தவையும் 45 முதல் 65 சதவீதம், கம்பெனி பாண்டு (கம்பெனிகள் வெளியிடும் கடன் பத்திரம்), வங்கி டெபாசிட் மாதிரியானவை 20 முதல் 45 சதவீதம், பங்கு சார்ந்தவை 5 முதல் 15 சதவீதம், குறுகிய காலக் கடன் பத்திரங்கள் 5 சதவீதம் வரை, சொத்து அடிப்படையிலான பத்திரங்கள் இன்னொரு 5 சதவீதம் வரை. இது புதிதாக வந்து சேரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கான வரம்பு, தனியார் டிரஸ்ட்டுகளும் இதே கோட்டுக்குள்தான் ஓட வேண்டும்.

இ.பி.எஃப்.ஓ. பங்குச் சந்தைக்குள் முதல் தடவை போனது 2015 ஆகஸ்டில், 5 சதவீதத்தோடு. அடுத்த வருடம் 10, அதற்கடுத்து 15. அதுவும் இந்தக் கம்பெனி ஷேர், அந்தக் கம்பெனி ஷேர் என்று பொறுக்கி வாங்குவதில்லை, நிஃப்டி, சென்செக்ஸ் மாதிரிக் குறியீடுகளை அப்படியே பின்தொடரும் இ.டி.எஃப். என்கிற ஃபண்டுகள் மூலமாகப் போடுகிறார்கள். 100 ரூபாயில் 15 ரூபாய் அதிகபட்சம். "பி.எஃப். பணம் எல்லாம் சூதாட்டத்துல போச்சு" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துவிட்டு எனக்கு அனுப்பாதீர்கள், என் செல்போனில் இடம் இல்லை.

மார்க்கெட் விழுந்தா என் பி.எஃப். இருப்பு குறையுமா?

குறையாது. பி.எஃப்.பில் உங்களுக்குக் கிடைப்பது அறிவிக்கப்பட்ட வட்டி, மியூச்சுவல் ஃபண்டு மாதிரி ஏறி இறங்கும் யூனிட் விலை இல்லை. பாண்டுகளிலிருந்து வந்த வட்டியையும் இ.டி.எஃப். விற்றதில் கிடைத்த லாபத்தையும் கூட்டி, எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து, அறங்காவலர் குழு ஒரு விகிதம் சொல்லும், நிதி அமைச்சகம் ஒப்புதல் தரும். 2023-24-க்கு 8.25, அதற்கு முந்தைய வருடம் 8.15, அதற்கும் முன்னால் 2021-22-ல் 8.10. அந்த 8.10 வந்தபோது 40 வருடத்தில் இல்லாத குறைவு என்று ஊரே பேசியது.

சந்தையின் தாக்கம் வேறு வழியாக வரும். 2019-20-க்கு 8.5 சதவீதம் என்று அறிவித்தார்கள். அதில் 8.15 பாண்டு வருமானத்திலிருந்து, 0.35 இ.டி.எஃப். விற்று. சரியாக அந்த நேரத்தில் கொரோனா வந்து சந்தை படுத்துவிட்டது, விழுந்த விலைக்கு விற்க முடியாமல் காத்திருந்தார்கள், வட்டி வந்து சேர அடுத்த வருடத் தொடக்கம் ஆகிவிட்டது. ஆக, இருப்பு குறையாது, ஆனால் தாமதமாகலாம், அடுத்தடுத்த வருட விகிதம் இறங்கலாம். 1990-களில் 12 சதவீதம் வாங்கிய என் தலைமுறைக்கு இப்போதைய எந்த விகிதமும் கண்ணுக்குப் பிடிக்காது. அப்போது நாட்டிலேயே வட்டி அப்படி இருந்தது, பணவீக்கமும் அப்படித்தான் இருந்தது என்பதை நாங்கள் வசதியாக மறந்துவிடுவோம்.

டிரஸ்ட்டுங்கிறீங்க, அதுல யாரு உக்காந்து முடிவு பண்றது?

நிர்வாகத் தரப்பில் எத்தனை பேரோ அத்தனை பேர் ஊழியர் தரப்பிலும் இருக்க வேண்டும். எங்கள் ஆலையில் மூன்றுக்கு மூன்று. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், ஸ்பின்னிங் ஓடுகிற இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். மேஜையில் ஒரு நீளத் தாள் விரித்திருக்கும். இடது பக்கம் எந்தப் பாண்டு, என்ன வட்டி, எந்த வருடம் முதிர்கிறது. வலது பக்கம் எந்த வருடம் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள், தோராயமாக எவ்வளவு வேண்டும். இந்த இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் டிரஸ்டியின் முக்கால்வாசி வேலை. எங்களிடம் ஒரே பருவத்தில் ஆள் எடுத்திருந்தார்கள், அதனால் அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் 43 பேர் ஓய்வு. அந்த இரண்டு வருடத்துக்கு நேராக இடது பக்கம் காலியாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தது நான் இல்லை, படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு ஃபிட்டர். "இந்த வருசம் பணம் எங்கிருந்து வரும்?" என்று தாளில் விரலை வைத்தார், அவ்வளவுதான்.

முதலாளி நினைத்தால் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கூடவே கேட்பார்கள். டிரஸ்ட் பணம் கம்பெனியின் பணம் இல்லை, பத்திரங்கள் டிரஸ்ட் பெயரில்தான் இருக்க வேண்டும். இந்தச் சுவர் ஏன் வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் ராபர்ட் மேக்ஸ்வெல். பிரிட்டனில் மிரர் பத்திரிகைக் குழுமத்தின் முதலாளி, 1991-ல் தன் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் ஊழியர் பென்ஷன் நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கு மேல் எடுத்துத் தன் மற்ற கம்பெனிகளுக்கு முட்டுக்கொடுத்திருந்தது தெரியவந்தது. அந்த ஊரில் பென்ஷன் சட்டத்தையே 1995-ல் மாற்றி எழுதினார்கள்.

கவர்மெண்ட் பாண்டு கம்மி வட்டிதானே? நல்ல கம்பெனி பாண்டுல ஒரு பர்சென்ட் அதிகம் வருதே, முட்டாளா இவங்க?

ஒரு சதவீதம் அதிகம் கிடைத்தால் அந்த ஒரு சதவீதம் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்கிற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் பத்திரங்களுக்கு 2018 ஆகஸ்ட் வரை டிரிபிள் ஏ தரம். அதற்கு மேல் தரமே கிடையாது. செப்டம்பர் முடிவதற்குள் டி, அதாவது கட்டத் தவறிய நிலை. பல கம்பெனிகளின் பி.எஃப். டிரஸ்ட்டுகள் அந்தப் பத்திரத்தை வைத்திருந்தன, வரம்பை மீறாமல், விதிப்படி. அடுத்த வருடமே டி.எச்.எஃப்.எல். என்கிற வீட்டுக்கடன் நிறுவனம் விழுந்தது. உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் டிரஸ்ட் பணம் அதில் டெபாசிட்டாகப் போயிருந்தது, 2,200 கோடி ரூபாய்க்கு மேல் மாட்டிக்கொண்டு, ஊழியர்கள் தெருவில் இறங்கி, கைது வரை போனது.

நாங்களும் சும்மா இல்லை. ஒரு புரோக்கர் வந்தார், நல்ல சட்டை, நல்ல பேச்சு, தரச்சான்று எல்லாம் இரட்டையாகக் கொண்டுவந்தார். அரசுப் பத்திரத்தைவிட 0.9 சதவீதம் அதிகம். "ஏங்க, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாசம்?" என்று அந்த ஃபிட்டர் கேட்டார், எல்லோரும் சிரித்தோம். 20 லட்சத்துக்கு வாங்கினோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், நடவடிக்கைக் குறிப்பைப் படிக்காமலேயே போட்டேன், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மூன்று வருடத்தில் அந்த நிறுவனம் வட்டி கட்டுவதை நிறுத்தியது. ஆலை நிர்வாகம் அந்த 20 லட்சத்தை ஈடுகட்டியது, ஆனால் அதற்கு 14 மாதம் இழுத்தடிப்பு.

இன்னொரு சங்கதி, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பாண்டு பெரும்பாலும் கடைத்தெருவில் விலை பேசி வாங்குவது மாதிரிதான். அதே பாண்டை ஒரு புரோக்கர் 7.40 சதவீத வருமானத்துக்கும் இன்னொருவர் 7.30-க்கும் கொடுப்பார். 0.10தானே என்று தோன்றும். 10 வருடப் பாண்டை ஒரு கோடிக்கு வாங்கினால் அந்த 0.10-இன் மதிப்பு ஏறக்குறைய 70,000 ரூபாய். மூன்று பேரிடம் விலை கேட்டு எழுதி வைக்காத டிரஸ்ட்டில் நான் டிரஸ்டியாக இருக்க மாட்டேன்.

சரி, நட்டம் வந்தா கடைசியில யார் தலையில விழும்? அதை மட்டும் சொல்லுங்க.

எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எங்கே போட்டார்கள் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

கம்பெனி டிரஸ்ட் பி.எஃப்.பில் நட்டம் கம்பெனி தலையில். இ.பி.எஃப்.ஓ. என்ன வட்டி கொடுக்கிறதோ அதற்குக் குறையாமல் டிரஸ்ட்டும் கொடுத்தே ஆக வேண்டும், வருமானம் போதவில்லையென்றாலும், பத்திரம் முழுகிப் போனாலும் குறைவதைக் கம்பெனி போட வேண்டும். அதுதான் விதிவிலக்குக்கு நிபந்தனை. 1995 பென்ஷன் திட்டத்தில் முதலீடு எப்படிப் போனாலும் உங்கள் தொகை மாறாது, சூத்திரம்தான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு 15,000 உச்சவரம்பு. அந்தச் சம்பளத்தில் 14 வருடம் என்றால் மாதம் 3,000 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் வைத்தார்கள், அதோடு நிற்கிறது. இங்கே நட்டம் வராது, ஆனால் விலைவாசி ஏறுகிற நட்டம் முழுக்க உங்களுடையது, பென்ஷன் அதோடு சேர்ந்து ஏறாது.

என்.பி.எஸ்.ஸில் நட்டமும் உங்களுடையது, லாபமும் உங்களுடையது. சூப்பர்ஆனுவேஷனிலும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான், கம்பெனி இவ்வளவு போடும் என்பதுதான் வாக்குறுதி, இவ்வளவு கிடைக்கும் என்பது இல்லை. கிராஜுவிட்டி சூத்திரப்படி வருவது, பணம் ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும்.

கம்பெனியில என்.பி.எஸ். கொண்டுவந்துட்டாங்க. எச்.ஆர். "நீங்களே சாய்ஸ் போடுங்க"ன்னு சொல்றாங்க. 75 ஈக்விட்டி போடட்டுமா? எனக்கு 29 வயசு.

தம்பி, மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது நட்டம் உங்கள் தலையில் விழும் உண்டியல். இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு: ஈ என்றால் பங்கு, சி என்றால் கம்பெனி பாண்டு, ஜி என்றால் அரசுப் பத்திரம். நீங்களே பிரித்துக்கொள்ளலாம், அல்லது வயதைப் பார்த்துத் தானாகவே மாற்றும் வழியை எடுக்கலாம். அதில் எல்.சி. 75 என்பதில் 35 வயது வரை 75 சதவீதம் பங்கு, அப்புறம் வருடா வருடம் இறங்கி 55-ல் 15 சதவீதம். எல்.சி. 50-இல் 50-லிருந்து 10-க்கு இறங்கும்.

29 வயதில் அதிகம் பங்கில் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நீங்களே 75 என்று பூட்டி வைத்துவிட்டு 54 வயது வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருப்பீர்கள், ஓய்வுக்கு முந்தின வருடம் சந்தை விழும். தானாக இறங்கும் வழியை எடுத்தால் அந்த மறதிக்கு ஒரு காவல். இன்னொன்று, ஃபண்டை நீங்கள் தேர்ந்தெடுக்கலாமா, கம்பெனியே எல்லோருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதா என்று கேளுங்கள், இரண்டு மாதிரியும் நடக்கிறது. வெளியே வரும்போது ஒரு பங்குக்குக் கட்டாயம் ஆயுள் பென்ஷன் வாங்க வேண்டும், அந்தப் பங்கு எவ்வளவு என்கிற விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஓய்வு பெறும் வருடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு சூப்பர்ஆனுவேஷன்னு எல்.ஐ.சி.ல போட்டிருக்காங்களாம். அது பி.எஃப். மாதிரி மொத்தமா கிடைக்குமா?

மொத்தமாகக் கிடைக்காது. கிராஜுவிட்டி வாங்கியவர் என்றால் மூன்றில் ஒரு பங்கை வரி இல்லாமல் ரொக்கமாக எடுக்கலாம், கிராஜுவிட்டி இல்லாதவர் பாதி வரை. மீதிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஆயுள் பென்ஷன் வாங்க வேண்டும். வாங்குகிற அன்றைய விகிதம் ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். "செத்த பிறகு மூலதனம் பிள்ளைகளுக்கு" என்கிற வகையில் மாதத் தொகை குறைவு, கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் வரை என்கிற வகையை நம் ஊரில் யாரும் கேட்பதே இல்லை. அம்மா இருக்கிறார்கள் என்றால் அதையும் விலை கேட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் பேங்க் வட்டி ஏத்துனா பாண்டு விலை இறங்குமாமே. அப்போ டிரஸ்ட்டுக்கு நட்டம்தானே?

விலை இறங்கும் என்பது உண்மை. நேற்று வாங்கிய 7 சதவீதப் பாண்டை, இன்றைக்கு 8 சதவீதம் கிடைக்கும்போது யாரும் அதே விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆனால் விற்றால்தான் நட்டம். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர் காபிக்கு நிழலாக சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார். காபியும் மிளகும் வருடச் செலவைப் பார்த்துக்கொள்ளும், மரம் பெரிய செலவுக்கு. மர விலை நடுவில் இறங்கினால் அவருக்குத் தூக்கம் கெடாது. வீட்டில் அடுத்த மாதம் கல்யாணம், கையில் காசு இல்லை என்றால்தான் இறங்கின விலைக்கு வெட்ட வேண்டி வரும். நான் முன்னால் சொன்ன நீளத் தாள் இதற்குத்தான்: 43 பேர் ஓய்வு பெறும் வருடத்தில் தானாக முதிரும் பாண்டு இருந்தால் நடுவில் விலை என்ன ஆனாலும் கவலையில்லை.

இதில் கெட்டிக்காரத்தனம் காட்டப் போனாலும் சிக்கல்தான். பிரிட்டனில் பல பென்ஷன் நிதிகள் இப்படிப் பொருத்துவதையே கடன் வாங்கிப் பெருக்கிச் செய்திருந்தன. 2022 செப்டம்பரில் அரசின் பட்ஜெட் அறிவிப்பால் பாண்டு விலை சரிந்ததும் பிணையம் கட்டச் சொல்லி நெருக்கடி, கட்டுவதற்காகப் பாண்டை விற்க, விற்க விற்க விலை இன்னும் சரிய, கடைசியில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கித்தான் நிறுத்தியது. நம் ஊர் டிரஸ்ட்டுகளில் அந்த மாதிரி வித்தை கிடையாது.

கம்பெனி தன்னோட சொந்த ஷேர்லயே போட்டா நமக்கு நல்லதுதானே? கம்பெனி வளர்ந்தா நாமும் வளருவோம்ல.

சம்பளமும் அங்கே, ஓய்வுப் பணமும் அங்கே என்றால் விழும்போது இரண்டும் ஒரே நாளில் விழும். அமெரிக்காவில் என்ரான் ஊழியர்களின் ஓய்வுச் சேமிப்பில் 60 சதவீதத்துக்கு மேல் என்ரான் ஷேராகவே இருந்தது. 2001 டிசம்பரில் கம்பெனி திவால், வேலையும் போயிற்று, சேமிப்பும் போயிற்று. கம்பெனி மேல் அவ்வளவு நம்பிக்கை என்றால் கைக்காசில் நாலு ஷேர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டிக்குன்னு தனியா பணம் எடுத்து வைக்கிறாங்களா, இல்ல அப்போதைக்கு அப்போ குடுப்பாங்களா?

இரண்டும் உண்டு. சிலர் டிரஸ்ட் வைத்து எல்.ஐ.சி. மாதிரி இன்சூரன்ஸ் கம்பெனியின் குழுத் திட்டத்தில் வருடா வருடம் போடுவார்கள், பலர் கணக்குப் புத்தகத்தில் பொறுப்பாக எழுதுவதோடு சரி, ரொக்கம் எங்கும் ஒதுக்கியிருக்காது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் ஊழியர் பலன்கள் பற்றிய குறிப்பைத் தேடுங்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் கொடுக்க வேண்டிய கடமையின் இன்றைய மதிப்பு ஒரு வரி, அதற்கென்று உள்ள சொத்தின் மதிப்பு ஒரு வரி. சொத்து வரியே இல்லையென்றாலோ கடமையில் கால்வாசிதான் இருக்கிறது என்றாலோ, கம்பெனி நன்றாக ஓடும் வரைதான் உங்கள் கிராஜுவிட்டியும் ஓடும்.

கடமையின் மதிப்பை ஆக்சுவரி என்கிற கணிப்பாளர் போடுகிறார். இத்தனை பேர் நடுவில் போவார்கள், சம்பளம் இவ்வளவு ஏறும், இன்ன வட்டியில் கழிக்கலாம் என்று அனுமானங்கள். சம்பள உயர்வை 8-க்குப் பதில் 5 என்று எழுதினால் கடமை சட்டென்று மெலிந்துவிடும். நான் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

கம்பெனியே மூடிட்டா?

சேலத்தைச் சுற்றி மூடின மில்களைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி, அதனால் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். இ.பி.எஃப்.ஓ.வில் கட்டியது பத்திரம். டிரஸ்ட்டில் உள்ளது கம்பெனியின் சொத்து இல்லை என்று மேலே சொன்னேன். திவால் சட்டமும் பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளில் தொழிலாளருக்கு வர வேண்டியதைக் கடன்காரர்களுக்குப் பங்கு போடும் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. வம்பு எங்கே என்றால், சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் விட்டது. அது குற்றம், நம்பிக்கை மோசடி வழக்கே போடலாம், ஆனால் மூடின பிறகு துரத்துவது பெரும் அலைச்சல். மாதா மாதம் பாஸ்புக்கைப் பாருங்கள், இரண்டு மாதம் வரவு இல்லையென்றால் மூன்றாவது மாதம் வரை காத்திருக்காதீர்கள், அடுத்த நாளே எழுத்தில் புகார் கொடுங்கள்.

எங்க டிரஸ்ட்ட கலைச்சு இ.பி.எஃப்.ஓ.கிட்ட ஒப்படைக்கிறாங்களாம், கையெழுத்து கேக்குறாங்க. போடலாமா? ஏதோ தில்லுமுல்லு மாதிரி இருக்கே.

பெரும்பாலும் தில்லுமுல்லு இல்லை, கணக்குதான். 10 வருட அரசுப் பத்திரம் 6, 7 சதவீதம் தரும் காலத்தில் இ.பி.எஃப்.ஓ. 8-க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த வித்தியாசத்தை வருடா வருடம் கம்பெனி கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. அதனால் பல கம்பெனிகள் விதிவிலக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. உங்களுக்கு வட்டியில் குறைவு வராது, டிரஸ்ட் கொஞ்சம் சீக்கிரம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வசதி போகும்.

ஆனால் ஒப்படைக்கும் தேதி வரைக்குமான உங்கள் இருப்பு, உங்கள் பங்கு தனி, கம்பெனி பங்கு தனி, வட்டி தனி என்று அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளில் உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி நான்கையும் ஆதாரோடு வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். எங்கள் ஆலையில் ஒப்படைத்தபோது 11 பேருக்கு இதில் பிழை. ஒருவருக்கு அப்பா பெயர் ஆதாரில் பெரியசாமி, ஆலைப் பதிவேட்டில் பெரியண்ணன், வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தி அவர் கணக்கில் பணம் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று, மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கித்தான் சமாளித்தார்.